பாபுன் நஸ்ர் வாசலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? படிக்கத் தெரிந்தவர்கள் உதவவும்

வழிப்போக்கன்77 எழுதியது:

போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கெய்ரோ போயிருந்தேன். மூன்று நாளில் கடைசி நாள் மதியத்துக்கு மேல்தான் கை ஓய்ந்தது. பிரமிடுக்கு ஓட நேரம் போதாது என்பதால் கான் அல் கலீலி கடைவீதியில் இறங்கி முஇஸ் தெருவில் வடக்கே பார்த்து நடந்தேன். தெரு போய் முடியும் இடத்தில் பாபுல் ஃபுதூஹ் என்று ஒரு பெரிய கோட்டைவாசல். அதைத் தாண்டி வெளியே போய் வலது பக்கம் மதிலை ஒட்டியே நடந்தால் இன்னொன்று, பாபுன் நஸ்ர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் நான் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

சந்தேகம் இதுதான். பாபுன் நஸ்ர் வாசலுக்கு நேர் மேலே ஒரு கல் பலகை, அதில் அரபி எழுத்து. சாதாரண அரபி மாதிரி வளைந்து நெளிந்து இல்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கட்டம் கட்டமாக, நிமிர்ந்து நிற்கிறது. மதிலிலும் ஒரு பட்டை மாதிரி நீளமாக எழுத்து ஓடுகிறது. அங்கே தானாக வந்து ஒட்டிக்கொண்ட கைடு ஒருவர் "குர்ஆன் வசனம்" என்றார். எந்த வசனம் என்று கேட்டதும் பேச்சை மாற்றி, பக்கத்தில் ஒரு வாசனைத் திரவியக் கடை இருக்கிறது, வாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டார்.

உண்மையில் என்னதான் எழுதியிருக்கிறது? அவ்வளவு உயரத்தில் வைத்தால் யார் அண்ணாந்து படிப்பார்கள்? இல்லை, வெறும் அழகுக்குத்தானா? கோபுரத்தின் பக்கங்களில் கேடயம் கேடயமாகச் செதுக்கியிருக்கிறார்களே, அது எதற்கு? போட்டோ போட்டிருக்கிறேன், கொஞ்சம் மங்கல்தான், மன்னிக்கவும்.

காயல்வாசி எழுதியது:

கைடு சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். வாசலுக்கு மேலே இருப்பது குர்ஆன் வசனம் இல்லை, கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கையை அறிவிக்கும் வாசகம்.

நானும் இதே இடத்தில் நின்று திணறியவன்தான். என் மச்சான் அங்கே அல் அஸ்ஹரில் படித்தான், அவனைப் பார்க்கப் போன சமயம். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவன், அரபி எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கூஃபி எழுத்து அது. புள்ளியும் கிடையாது, ஜேர் ஜபர் என்ற உயிர்க்குறிகளும் கிடையாது. ப, த, ந, ய எல்லாம் சொல்லின் நடுவில் வந்தால் ஒரே மாதிரி ஒரு சின்னப் பல், அவ்வளவுதான். போதாக்குறைக்கு எழுத்தின் நுனியிலிருந்து இலையும் கொடியும் கிளம்பி வரும். எது எழுத்து, எது கொடி என்று பிரிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

மச்சான்தான் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தான். "லா இலாஹ இல்லல்லாஹ், வஹ்தஹு லா ஷரீக லஹு, முஹம்மதுர் ரசூலுல்லாஹ்" வரைக்கும் நான் ஓதிப் பழகியதுதான், தெரிந்துகொண்டு படித்தால் எழுத்து தானாகப் பிரிந்து வருகிறது. அதற்கு அடுத்தது வந்ததும் நின்றுவிட்டேன். "அலீ வலிய்யுல்லாஹ்." அலீ அல்லாஹ்வின் நேசர் என்று பொருள். சுன்னிகளான நாங்கள் ஓதும் கலிமாவில் இந்தத் துண்டு கிடையாது. இது ஷியாக்கள் சொல்வது.

அப்போதுதான் உறைத்தது, கெய்ரோவைக் கட்டியவர்களே ஃபாத்திமிய கலீஃபாக்கள், இஸ்மாயிலி ஷியாக்கள். 969இல் எகிப்தைப் பிடித்தார்கள், 1171 வரைக்கும் ஆண்டார்கள். அல் அஸ்ஹரும் அவர்கள் ஆரம்பித்ததுதான். இன்றைக்கு அது சுன்னி உலகத்தின் பெரிய கலாசாலை. மச்சான் தினமும் அங்கே போய் வந்தான், ஊருக்குள் நுழையும் வாசலில் இந்தக் கலிமா!

கல்வெட்டுக்காரி எழுதியது:

காயல்வாசி காக்கா (அண்ணன்) சொன்னது வாசலுக்கு மேலே உள்ள பலகை. மதிலில் ஓடும் நீளமான பட்டை வேறு, அதில்தான் கதையே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஃபாத்திமியர்கள் கெய்ரோவுக்கு முதலில் கட்டியது வெறும் மண்செங்கல் மதில். நூறு வருஷத்தில் அது இளைத்துப்போனது, ராஜ்ஜியமும் இளைத்துப்போனது. கலீஃபா அல் முஸ்தன்ஸிர் காலத்தில் ஏழு வருஷப் பஞ்சம், கூடவே படைகளுக்குள் அடிதடி. கடைசியில் வேறு வழியில்லாமல் பாலஸ்தீனக் கரையில் அக்கா என்ற ஊரில் இருந்த ஒரு தளபதியை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பத்ருல் ஜமாலி. ஆர்மீனியர், அடிமையாக வாழ்க்கையை ஆரம்பித்தவர். 1074இல் வந்து இறங்கியவர் எதிர்த்த தளபதிகளைத் தீர்த்துக்கட்டி, நாட்டையே கையில் எடுத்துக்கொண்டார். கலீஃபா அரண்மனையில் இருந்தார், ஆட்சி இவரிடம் இருந்தது. 1077இல் செல்ஜுக் துருக்கியரின் தளபதி அத்ஸிஸ் எகிப்து வரைக்கும் படையோடு வந்துவிட்டான், அடித்துத் துரத்தினார்கள். அதற்கப்புறம் இந்த ஊருக்கு ஒழுங்கான கல் மதில் வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? 1087 முதல் 1092க்குள் நீங்கள் பார்த்த இரண்டு வாசல்களும், தெற்கே பாபு ஸுவைலாவும் எழும்பின. இந்த வேலைக்கு உர்ஃபாவிலிருந்து (இன்றைய துருக்கி) மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஆளுக்கு ஒரு வாசல் கட்டினார்கள் என்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது பட்டைக்கு வருவோம். ஹிஜ்ரி 480 என்று வருஷம் போட்டிருக்கிறது, அதாவது 1087. வல்லமை மிக்க இறைவனின் வல்லமையால் இஸ்லாம் காக்கப்படுகிறது, கோட்டைகளும் மதில்களும் எழுகின்றன என்று கம்பீரமாக ஆரம்பிக்கும். அப்புறம், இதைக் கட்டியவர் எங்கள் தலைவர் இமாம் அல் முஸ்தன்ஸிரின் அடியவர் என்று பணிவாக ஒரு வரி. அந்த அடியவர் யார் என்று சொல்ல வரும்போதுதான் வேடிக்கை. மாபெரும் தலைவர், படைகளின் தளபதி, இஸ்லாமின் வாள், இமாமின் துணைவர், முஸ்லிம் நீதிபதிகளுக்குப் பொறுப்பாளர், விசுவாசிகளின் அழைப்பாளர்களுக்கு வழிகாட்டி, அபுன் நஜ்ம் பத்ர்... மூச்சு வாங்குகிறது. மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இந்த நெடி சட்டென்று பிடிபடும். வித்தியாசம் என்னவென்றால் நம் மெய்க்கீர்த்தியில் புகழ் ராஜாவுக்கு, இங்கே ராஜாவின் பெயரால் மந்திரிக்கு. இரண்டு வரியில் அதிகாரம் எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது இல்லை. அந்தக் கல்வெட்டில் வாசலுக்குப் பாபுன் நஸ்ர் என்ற பெயரே கிடையாது! "பாபுல் இஸ்" என்று இருக்கிறது. மாண்பின் வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வாசலுக்கு வைத்த பெயர் "பாபுல் இக்பால்", நல்வாழ்வின் வாசல். பாபுன் நஸ்ர், பாபுல் ஃபுதூஹ் என்பதெல்லாம் பழைய மண்மதில் காலத்து வாசல்களின் பெயர்கள். பத்ர் வாசலை இடம் மாற்றிக் கட்டினார், பெயரை மாற்றிக் கல்லில் வெட்டினார், ஊர்க்காரர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 900 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணா சாலை என்று எத்தனை போர்டு வைத்தாலும் பஸ்ஸில் மவுண்ட் ரோடு என்றுதானே டிக்கெட் கேட்கிறோம்?

காக்கா புள்ளி பற்றிச் சொன்னதற்கு ஒரு வார்த்தை. நம் பழைய கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, கொம்பு ஒற்றையா இரட்டையா என்பதும் தெரியாது. சொல் தெரிந்தவனுக்குத்தான் எழுத்து தெரியும். ஆனால் வேலைப்பாடு நேர் எதிர். நாம் எழுத்தைக் கல்லுக்குள் குழித்து வெட்டுகிறோம். அவர்கள் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுக்கிறார்கள், எழுத்து மேடாக நிற்கும். உளி ஓர் இடத்தில் தவறினால் எழுத்தே உடைந்து விழும், திருத்த வழியில்லை. உங்கள் போட்டோ மங்கலாக வந்ததற்கும் மன்னிப்பெல்லாம் தேவையில்லை. அது வடக்குப் பார்த்த முகப்பு, நேர் வெயில் அதிகம் விழாது, நிழல் இல்லாமல் மேட்டெழுத்து எடுபடாது.

கேடயங்கள் பற்றி: சில வட்டம், சில கீழே கூராக நீண்டவை, சிலவற்றோடு வாளும் உண்டு. நஸ்ர் என்றாலே வெற்றி. எழுத்து தெரியாதவனுக்கும் அது புரிந்துவிடும்.

உச்சிவெயில் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கேள்வி கேட்டவர் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. யார் படித்தார்கள்? அந்தக் காலத்தில் ஊருக்குள் நுழைகிறவன் யார்? ஒட்டகக்காரன், காய்கறி கொண்டுவருகிறவன், சுங்கம் கட்டப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு வருகிறவன். அவன் அண்ணாந்து பூவேலைக் கூஃபியைப் படித்துக்கொண்டிருந்தானா? என்னைக் கேட்டால் அது ஜரிகை பார்டர். பட்டுப்புடவையில் இருக்கிற மாதிரி, பணம் இருக்கிறது என்று காட்ட.

இன்னொன்று. 1171இல் ஸலாஹுத்தீன் (சலாதீன்) வந்து ஃபாத்திமிய ஆட்சியையே முடித்துவைத்தார், பள்ளிவாசல்களில் குத்பா எனும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் பாக்தாத் அப்பாஸிய கலீஃபாவின் பெயருக்கு மாறியது. அப்படிப்பட்டவர் ஊர் வாசலில் "அலீ வலிய்யுல்லாஹ்" என்று இருப்பதை ஏன் விட்டுவைத்தார்? யாரும் படிக்கவில்லை என்பதால்தான். படித்திருந்தால் உளியோடு ஏறியிருப்பார்கள்.

காயல்வாசி எழுதியது:

உச்சிவெயில் தம்பி, ஜரிகை பார்டர் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வழிப்போக்கன் முஇஸ் தெருவில் வடக்கே நடந்தபோது வலது கைப் பக்கம் அக்மர் பள்ளிவாசலைத் தாண்டித்தான் வந்திருப்பார். 1125இல் கட்டியது, சின்னதுதான். அதன் முகப்பில் சூரியன் மாதிரி விரிந்த வேலைப்பாட்டின் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் "முஹம்மத்", "அலீ". தெருவில் போகிறவன் கண்ணுக்கு நேரே. எழுத்தைக் கட்டடத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்து வைப்பதில் ஃபாத்திமியர்களுக்கு அவ்வளவு அக்கறை. யாருமே படிக்கப்போவதில்லை என்றால் எதற்கு இந்த மெனக்கெடல்?

அதோடு, முழுசாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கலிமா எல்லோருக்கும் மனப்பாடம். அல்லாஹ் என்ற சொல்லின் வடிவம், நிமிர்ந்த அலிஃபும் லாமும், பாமரனுக்கும் தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் மற்றது வாயில் தானாக வரும். ஒட்டகக்காரன் விஷயத்தை விடுங்கள், அவனுக்குப் பின்னால் வியாபாரி வருவான், மார்க்கம் படித்த ஆலிம் வருவான், வெளிநாட்டுத் தூதன் வருவான். ஒருவன் படித்துச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஸலாஹுத்தீன் விட்டுவைத்ததற்கு நான் நினைப்பது வேறு. நல்ல மதில், இடிக்க எந்தப் பைத்தியக்காரனுக்கும் மனசு வராது. அவர் சிலுவைப் போர்களுக்கு நடுவில் இருந்தார், கெய்ரோவையும் பக்கத்துப் பழைய ஊரான ஃபுஸ்தாத்தையும் சேர்த்து வளைத்து இன்னும் மதில் கட்டத் திட்டம் போட்டவர். உளியை அழிப்பதற்கு அனுப்புவானேன், புதிதாக எழுத அனுப்பலாமே என்று நினைத்திருப்பார். எழுதவும் செய்தார்.

கெய்ரோவின் முகத்தம் மலைச்சரிவில் அவர் கட்டிய கோட்டையில் பாபுல் முதர்ரஜ் என்று ஒரு வாசல், படிக்கட்டு வாசல். அதற்கு மேலே ஹிஜ்ரி 579, அதாவது 1183-84ஆம் வருஷக் கல்வெட்டு. அதைக் கூஃபியில் வெட்டவில்லை. நஸ்கில் வெட்டியிருக்கிறது, நாம் இன்று அச்சில் பார்க்கிற மாதிரி வளைந்த எழுத்து. முன்னால் ஆண்டவர்களின் கலிமாவை அழிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய எழுத்தின் சாயலையே கைகழுவிவிட்டார். எனக்கு அதுவே பதிலாகத் தோன்றுகிறது.

அந்தக் கல்வெட்டில் ஒரு வரி உண்டு, இந்த இழையில் கேட்ட கேள்விக்கே எழுதின மாதிரி. பயனையும் அழகையும் ஒன்றாகக் கொண்ட இந்தக் கோட்டையைக் கட்ட உத்தரவிட்டார் என்று வரும். கீழே மேற்பார்வைக்குத் தம்பி அல் ஆதில் பெயர், வேலையை முடித்துக்கொடுத்த கராகூஷ் பெயர். அழகுக்கா, காரியத்துக்கா என்று நாம் அடித்துக்கொள்கிறோம், கட்டியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

உச்சிவெயில் எழுதியது:

நஸ்க் விஷயம் நல்ல பாயிண்ட், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒட்டகக்காரன் விஷயத்தில் மாறமாட்டேன் :)

பாசால்ட்_பயணி எழுதியது:

கெய்ரோவிலேயே நின்றுவிட்டீர்கள். எழுத்து எழுதிய மதில் என்றால் நான் துருக்கியில் தியார்பகிரைத்தான் சொல்வேன். பழைய பெயர் ஆமித். ஊரைச் சுற்றிக் கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர் கறுப்பு பாசால்ட் மதில், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கெய்ரோவில் ஓர் ஆட்சியின் கை தெரிகிறது என்றால் இங்கே ஊரை ஆண்ட ஒவ்வொருவனும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்பாஸிய கலீஃபா அல் முஃததித் 899இல் இந்த ஊரைப் பிடித்து மதிலை இடித்தார். பத்துப் பதினோரு வருஷம் கழித்து அவர் மகன் அல் முக்ததிர் பெயரில் திருப்பிக் கட்டி, ஹிஜ்ரி 297 என்று கூஃபியில் வெட்டி வைத்தார்கள். அப்பன் இடித்ததை மகன் பெயரில் கட்டினார்கள், இடித்தது யார் என்று கல்வெட்டு எதற்குச் சொல்லப்போகிறது? அப்புறம் மர்வானிகள், செல்ஜுக்குகள், அர்துக்கிகள் என்று ஆண்ட வம்சங்கள் வரிசையாக.

எனக்கு அதில் உலு பெதென் என்ற கோபுரம்தான் உயிர். 1208, அர்துக்கி மன்னர் அல் மலிக் அஸ்ஸாலிஹ் மஹ்மூத் கட்டியது. உருண்டையான கோபுரம், அதன் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி எழுத்துப் பட்டை ஓடுகிறது. படிக்க வேண்டுமென்றால் நின்ற இடத்தில் முடியாது, நீங்களும் கூடவே நடக்க வேண்டும். இரட்டைத்தலைக் கழுகும் சிங்கங்களும் அதோடு சேர்ந்து இருக்கின்றன. கோட்டையில் உருவம் செதுக்கலாமா என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு செய்தி, தானாக இயங்கும் கடிகாரங்களையும் தண்ணீர் இயந்திரங்களையும் பற்றி 1206இல் புத்தகம் எழுதி முடித்த அல் ஜஸரீ வேலை பார்த்தது இதே மன்னரிடம்தான். அந்த அரண்மனையில் கைவேலைக்காரனுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மதில் மேல் நடக்கலாம், ஆனால் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, ஒரு சிறுவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வழிப்போக்கன், மங்கலோ இல்லையோ, எடுத்த போட்டோவை அழித்துவிடாதீர்கள். பாக்தாதில் பாபுத் தில்ஸிம் என்று ஒரு வாசல் இருந்தது, மந்திரத் தாயத்து வாசல். 1221இல் கலீஃபா அந்நாஸிர் கட்டியது. வளைவுக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்த ஓர் ஆள், இரண்டு கையாலும் இரண்டு டிராகன்களின் நாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். மேலே கலீஃபாவின் பெயரோடு எழுத்துப் பட்டை. 1638இல் உஸ்மானிய சுல்தான் முராத் ஊரைப் பிடித்து உள்ளே நுழைந்ததும் அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பின்னால் வெடிமருந்துக் கிடங்கு ஆக்கினார்கள். 1917 மார்ச்சில் ஆங்கிலேயப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய உஸ்மானியப் படை கிடங்கோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இன்றைக்கு அந்த எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் யாரோ எடுத்து வைத்த போட்டோக்களில்தான் பார்க்க முடியும்.

கல்வெட்டுக்காரி எழுதியது:

ஐயோ, அந்த டிராகன் வாசல் படத்தை நான் பார்த்திருக்கிறேன், வெடித்துப்போன கதை இப்போதுதான் தெரியும்.

மதிலைக் கட்டியவன் மட்டும்தான் அதில் எழுதுவான் என்று இல்லை, அதையும் சொல்ல மறந்துவிட்டேன். 1798இல் நெப்போலியனின் படை கெய்ரோவுக்குள் வந்தபோது இந்த வடக்கு மதிலைத்தான் காவல்தளம் ஆக்கியது. கோபுரங்களுக்குத் தங்கள் அதிகாரிகளின் பெயரை வைத்து, அதைப் பிரெஞ்சு எழுத்தில் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். இன்னும் இருக்கிறது. மூன்று வருஷம்கூட முழுசாகத் தங்கவில்லை, அதற்குள் பெயர் வெட்டும் ஆசை. அந்தப் பெயர்களையும் ஊரில் யாரும் சொல்வதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பத்ருல் ஜமாலியின் ஆட்கள் மதிலுக்குள்ளே வைத்துக் கட்டிய கற்களில் சிலது ஃபாரோ காலத்துக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. உள்பாதையில் நடந்தால் சுவரில் திடீரென்று சித்திர எழுத்து எட்டிப்பார்க்கும். அதைப் படிக்க அவர்களில் யாருக்கும் தெரியாது, அவர்களுக்கு அது கல், அவ்வளவுதான். உச்சிவெயிலின் ஒட்டகக்காரனுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் ஓட்டுப் போடுகிறேன்.

வழிப்போக்கன்77 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

காயல்வாசி காக்கா சொன்னதை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி போட்டோவைப் பெரிதாக்கி உட்கார்ந்தேன். அரபி ஓர் எழுத்துகூடத் தெரியாது. யூடியூபில் லாம் எப்படி இருக்கும், யா எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு, "அலீ வலீ" என்று ஒரே மாதிரி முடிகிற இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று தேடினேன். முக்கால் மணி நேரம். கடைசியில் கிடைத்தது, இரண்டுக்கும் வால் ஒரே மாதிரி. வீட்டில் எழுப்பிக் காட்டினேன், திட்டு விழுந்தது.

அக்மர் பள்ளிவாசலைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். அதன் எதிரில் நின்று கரும்புச்சாறு குடித்திருக்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் ஆறவில்லை. பிரெஞ்சு எழுத்தும் கண்ணில் படவில்லை.

தை மாதம் இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும் போலிருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் "பாபுல் இஸ் போக வேண்டும்" என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன், எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று வந்து எழுதுகிறேன்.